கணினிக்கும் உண்டு விளிம்புத் தொகை

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் எங்கள் கிளையில் கல்விக் கடன் விண்ணப்பங்கள் குவியத் தொடங்கும். படிப்பை முடிக்கத் தேவையான கணினியின் நியாயமான விலையையும் அக்கடனில் சேர்த்துக்கொள்ள இடமுண்டு என்பதால், கல்லூரிக் கட்டண விவரத்தோடு கணினிக் கடையின் விலைப்புள்ளியும் இணைந்தே வரும். பல ஆண்டுகளாக அவற்றின் கடைசி வரியில் உள்ள மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டுக் கையொப்பமிட்டு வந்தேன். 2025 ஜூன் மாதத்தில் என் மகனே அத்தகைய ஒரு விலைப்புள்ளியை என் முன் நீட்டிய பிறகுதான் அதை முதல் வரியிலிருந்து படித்தேன். அவன் இன்டர் தேர்வு எழுதிப் பொறியியல் கல்லூரியில் சேரவிருந்தான். விளையாடவும் படிக்கவும் பயன்படும் கணினி ஒன்றை அவனுக்கு வாங்கித் தருவதாக ஓராண்டுக்கு முன்பே வாக்களித்து, மாதம் 5,000 ரூபாய் வீதம் தொடர் வைப்புக் கணக்கில் சேர்த்து வந்திருந்தேன். முதிர்ந்தபோது அசல் 60,000 ரூபாய். வட்டி இரண்டாயிரத்துச் சொச்சம்.

விலைப்புள்ளி மிகச் சரியாக 60,000 ரூபாய்க்கு இருந்தது. அந்தக் கச்சிதமே எனக்கு முதல் ஐயத்தை எழுப்பியது. வாடிக்கையாளரின் கையில் எவ்வளவு இருக்கிறது என்று அறிந்த பின் எழுதப்பட்ட பட்டியல்தான் இப்படி முழு எண்ணில் முடியும். உள்ளே பார்த்தேன். ஓவர்கிளாக்கிங் செய்யத்தக்க, பூட்டில்லாத செயலி 17,000. அதற்கு ஏற்ற உயர்தர மதர்போர்டு 15,000. திரவக் குளிரூட்டி 6,500. நான்கு ஜிபி நினைவகம் கொண்ட ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு 12,000. பதினாறு ஜிபி ரேம் 3,500. எஸ்.எஸ்.டி. 3,000. கடைசியில் கேபினெட்டும் அதனோடு சேர்ந்து வரும் பெயர் தெரியாத எஸ்.எம்.பி.எஸ்.ஸும் 3,000. மானிட்டர் வீட்டில் இருந்தது.

“ஓவர்கிளாக்கிங் என்றால் என்ன?” என்று கேட்டேன். எனக்குத் தெரியாமல் இல்லை. அவன் எப்படிச் சொல்கிறான் என்று பார்க்க விரும்பினேன். “கம்பெனி நிர்ணயித்த வேகத்தைவிடக் கூடுதலான வேகத்தில் செயலியை ஓட வைப்பது, அப்பா. கூடுதல் வேகம் இலவசமாகக் கிடைக்கும்” என்றான்.

இலவசம் என்ற சொல்லைக் கேட்டாலே வங்கி ஊழியனுக்குக் காது கூர்மையாகிவிடும். எங்கள் தொழிலில் விளிம்புத் தொகை என்று ஒன்று உண்டு. நூறு ரூபாய் மதிப்புள்ள நகைக்கு நூறு ரூபாயும் கடனாகக் கொடுக்க மாட்டோம். விலை இறங்கலாம், எடையில் கல்லும் அரக்கும் இருக்கலாம், கடன்தாரர் தவணை தவறலாம். இவற்றையெல்லாம் தாங்குவதற்காக ஒரு பகுதியை ஒதுக்கி வைப்போம். செயலி செய்யும் நிறுவனங்களும் அவ்வாறே செய்கின்றன. ஒரே தகட்டிலிருந்து வெட்டியெடுக்கப்படும் சில்லுகள் எல்லாம் ஒரே தரத்தில் அமைவதில்லை. அவற்றைச் சோதித்துத் தரம் பிரித்து, சுமாரான சில்லும், புழுக்கமான அறையில், பழைய விசிறியோடு, பல ஆண்டுகள் பிழையின்றி ஓடக்கூடிய வேகம் எதுவோ அதைத்தான் பெட்டியின் மேல் அச்சிடுகிறார்கள். அச்சிட்ட வேகத்துக்கும் சில்லின் உண்மையான எல்லைக்கும் இடையே உள்ள இடைவெளி, நிறுவனம் ஒதுக்கிய விளிம்புத் தொகை. ஓவர்கிளாக்கிங் செய்பவர் அதை எடுத்துச் செலவழிக்கிறார். தவறு என்று நான் சொல்லவில்லை. இலவசம் என்று சொல்வதைத்தான் ஏற்க மறுக்கிறேன்.

அந்த விளிம்பு மிகப் பெரியதாக இருந்த காலம் ஒன்று உண்டு. 1998 ஆகஸ்டில் இன்டெல் நிறுவனம் செலரான் 300ஏ என்னும் மலிவு விலைச் செயலியை வெளியிட்டது. மதர்போர்டின் அடிப்படை வேகமான 66 மெகாஹெர்ட்சை நாலரை மடங்காக்கி 300 மெகாஹெர்ட்சில் ஓடுவது அது. அடிப்படை வேகத்தை மட்டும் 100 மெகாஹெர்ட்சாக மாற்றிவிட்டால் அதே நாலரை மடங்கில் 450 மெகாஹெர்ட்ஸ் கிடைத்துவிடும். பெரும்பாலான 300ஏ செயலிகள் இதைத் தாங்கின. அப்போது 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2 செயலியின் விலை பல மடங்கு அதிகம். ஐம்பது விழுக்காடு கூடுதல் வேகம் உண்மையிலேயே ஏறத்தாழ இலவசமாகக் கிடைத்த அந்தக் கதைதான் இன்றுவரை கடைக்காரர் வாயிலும் மாணவர் வாயிலும் உயிர்வாழ்கிறது.

அந்தச் செயலியை நான் நேரில் பார்த்திருக்கிறேன். 1999, 2000 ஆண்டுகளில் சித்தூரில் பி.காம். படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் சிறிய கணினி மையம் நடத்தினார். பகலில் டேலி வகுப்பு, மாலையில் ஜவுளிக்கடை ஒன்றின் கணக்குப் பதிவு, இரவில் எங்களுக்கு ரோட் ராஷ். அவரிடமிருந்த நான்கு கணினிகளில் ஒன்று 300ஏ. டிசம்பர் மாதத்தில் அதை 450க்கு உயர்த்தினார். நாங்கள் கைதட்டினோம். மார்ச் வரை ஒரு குறையும் இல்லை. மே மாதத்தில் ஒரு பிற்பகல், மின்விசிறி மட்டுமே இருந்த அந்த அறையில், திரை நீலமாகி உறைந்தது. மீண்டும் இயக்கியபோது ஜவுளிக்கடையின் கணக்குக் கோப்பு திறக்க மறுத்தது. கடைசி நகல் பதினொரு நாளைக்கு முந்தையது. பதினொரு நாளின் விற்பனைச் சீட்டுகளையும் அண்ணனும் நானும் இரண்டு இரவுகள் உட்கார்ந்து மறுபடி பதிவு செய்தோம். மூன்று சீட்டுகள் கிடைக்கவேயில்லை. அந்தத் தொகையைக் கடைக்காரர் அண்ணனின் ஊதியத்தில் கழித்துக்கொண்டார். வேகத்தை 300க்கு இறக்கிய பின் அந்தக் கோடை முழுவதும் அக்கணினி ஒருமுறைகூட நிற்கவில்லை.

குளிர்காலத்தில் சோதித்த விளிம்பு கோடையில் இருக்காது என்பதை அன்று கற்றுக்கொண்டேன். விசிறியோ திரவக் குளிரூட்டியோ எதுவாயினும், செயலியின் வெப்பத்தை அறைக்காற்றுக்குத்தான் கடத்துகிறது. அறையில் 25 டிகிரி இருக்கும்போது 75 டிகிரியில் நின்ற செயலி, அறை 38 டிகிரியாகும்போது அதே வேலைக்கு 88ஐ நெருங்கும். திருப்பதியில் மே மாதம் எப்படியிருக்கும் என்று இவ்விதழின் வாசகர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. ஏழு மலைகளும் சேர்ந்து அனலை நம் பக்கமே திருப்பிவிடுவதுபோல் இருக்கும். இதில் இன்னொரு கணக்கும் உண்டு. செயலி உண்ணும் மின்திறன், வேகத்தின் விகிதத்திலும் மின்னழுத்தத்தின் இருமடி விகிதத்திலும் உயரும். வேகத்தைப் பத்து விழுக்காடு கூட்டி, அதைத் தாங்குவதற்கு மின்னழுத்தத்தையும் பத்து விழுக்காடு கூட்டினால், 1.1ஐ மூன்று முறை பெருக்க வேண்டும். விடை 1.33. பத்து விழுக்காடு வருமானத்துக்கு முப்பத்து மூன்று விழுக்காடு செலவு. இப்படியொரு திட்ட அறிக்கையோடு யாரேனும் கடன் கேட்டு வந்தால், தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

அந்தப் பத்து விழுக்காடாவது இன்று கிடைக்கிறதா என்றால் அதுவும் ஐயமே. 2008இல் இன்டெல் டர்போ பூஸ்ட் என்னும் முறையைக் கொண்டுவந்தது. 2017இல் ஏஎம்டியின் ரைசன் செயலிகளும் தம் வெப்பத்தையும் மின்திறனையும் தாமே அளந்து வேகத்தை உயர்த்திக்கொள்ளும் திறனோடு வந்தன. அதாவது, நாம் செலவழிக்கக் காத்திருந்த விளிம்பை நிறுவனமே எடுத்துப் பெட்டிக்குள் போட்டு விற்றுவிடுகிறது. 2022இல் வந்த ரைசன் 5 5600 செயலியின் அடிப்படை வேகம் 3.5 கிகாஹெர்ட்ஸ். தேவைப்படும்போது அது தானாகவே 4.4 வரை ஏறும். கையால் திருகி அதற்கு மேல் ஏற்றக்கூடியது மிகச் சொற்பம். விளையாட்டில் திரையின் சட்டங்களைத் தீட்டுவது பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டு என்பதால், அந்தச் சொற்பமும் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

நிறுவனங்களும் இந்த விளிம்பில் சறுக்கியதுண்டு. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகள் பலவற்றில் காரணமின்றி நிரல்கள் நின்றுபோவதாக முறையீடுகள் எழுந்தன. மிகையான மின்னழுத்தமே சில்லுகளைச் சிதைத்தது என்று 2024இல் நிறுவனமே ஒப்புக்கொண்டு, திருத்தம் வெளியிட்டதோடு உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. யாரும் ஓவர்கிளாக்கிங் செய்யாமலே நேர்ந்த சிதைவு அது. வேகப் போட்டியில் விளிம்பைக் குறைத்துக்கொண்டே போனால் யாருக்கும் இது நேரும். காப்பீட்டு ஆர்வம் உள்ளவர்களுக்காக ஒரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். ஓவர்கிளாக்கிங்கால் செயலி கெட்டால் ஒருமுறை மாற்றித் தருவதற்கென்றே 2012இல் இன்டெல் தனிக் கட்டணத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 2021 மார்ச்சில் அதை நிறுத்திவிட்டது. ஏஎம்டியின் உத்தரவாதம் ஓவர்கிளாக்கிங்கால் நேரும் சேதத்தை ஏற்பதில்லை.

மகனிடம் இவற்றைச் சொன்னபோது அவன் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. “இப்போது செய்யாவிட்டாலும் இரண்டு வருடம் கழித்துக் கணினி மெதுவாகத் தோன்றும்போது செய்துகொள்ளலாமே. அதற்கு வசதியுள்ள பாகங்களை இப்போதே வாங்கினால்தானே முடியும்?” என்றான். நியாயமான வாதம். ஆனால் அந்த வசதியின் விலை என்ன என்று கேட்டேன். இன்டெல்லில் ஓவர்கிளாக்கிங் செய்ய ‘கே’ எழுத்துடைய செயலியும் ‘இசட்’ வரிசை மதர்போர்டும் தேவை. இரண்டுமே விலை கூடியவை. மேலே குளிரூட்டி. அவனுடைய பட்டியலில் இம்மூன்றுக்கும் சேர்த்து 38,500 ரூபாய். விளையாட்டின் காட்சியைத் தீட்டும் கார்டுக்கு 12,000. வீட்டின் வாசற்கதவுக்குத் தேக்கு வாங்கிவிட்டுக் கூரைக்குக் கீற்று போடுவதுபோல் இருந்தது.

2014இல் இன்டெல் தன் பென்டியம் பெயரின் இருபதாவது ஆண்டை முன்னிட்டு ஜி3258 என்னும் மலிவான, பூட்டில்லாத செயலியை வெளியிட்டதையும் நினைவுபடுத்தினேன். இரண்டே கோர்கள் கொண்ட அதைப் பலர் ஆசையாக வாங்கி வேகத்தை ஏற்றினார்கள். அதே ஆண்டு வந்த ஃபார் க்ரை 4 விளையாட்டு, நான்கு இழைகளை இயக்க முடியாத செயலிகளில் தொடங்கவே மறுத்தது. எவ்வளவு வேகம் ஏற்றினாலும் இல்லாத கோர் முளைக்காது.

ஓவர்கிளாக்கிங்கைக் கலையாகவே பயில்பவர்கள் இருக்கிறார்கள். திரவ நைட்ரஜனை ஊற்றிச் சாதனை படைப்பவர்களும் உண்டு. அவர்கள் மீது எனக்கு மதிப்புண்டு. ஆனால் அவர்கள் கெட்டால் கெடட்டும் என்று தனியாகப் பணம் எடுத்து வைத்தவர்கள். ஒரே கணினியில் கல்லூரித் திட்டப் பணியையும் விளையாட்டையும் நடத்தவேண்டிய மாணவனுக்கு அந்தத் தனிப்பணம் இல்லை.

ஆக, புதிய பட்டியல் எழுத உட்கார்ந்தோம். நம் மாவட்டத்தில் ரேணிகுண்டாவிலும் ஸ்ரீசிட்டியிலும் தொலைக்காட்சியும் கைப்பேசியும் உருவாகின்றன. ஆயினும் கணினிப் பாகங்களை நாலு கடை ஏறி விலை கேட்டு வாங்க வேண்டுமென்றால் சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போகவேண்டும் என்பது என் வயதினருக்கு ஊறிப்போன பழக்கம். புத்தூர், நகரி, திருத்தணி வழியாகப் பேருந்தில் போனோம். தொடர் வைப்பின் வட்டி பயணத்துக்கும் சாப்பாட்டுக்கும் போதுமானதாக இருந்தது.

வாங்கியவை இவை. ரைசன் 5 5600 செயலி, பெட்டியிலேயே வரும் விசிறியோடு 10,000. ஏ520 மதர்போர்டு 6,000. எட்டு ஜிபி ரேம் இரண்டு, 3,500. ஒரு டிபி எஸ்.எஸ்.டி. 5,500. எட்டு ஜிபி ரேடியான் ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு 21,000. ‘80 பிளஸ் பிரான்ஸ்’ முத்திரையுள்ள 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். 4,500. காற்றோட்டமுள்ள கேபினெட் 3,500. கூட்டினால் 54,000. ஏ520 வகை மதர்போர்டு செயலியின் ஓவர்கிளாக்கிங்கை அனுமதிக்காது. வாங்கும்போதே அந்தக் கதவைச் சாத்திவிட்டோம். மீதி 6,000 ரூபாய்க்கு ஒரு கேவிஏ யு.பி.எஸ். வாங்கினோம். இந்தக் கணினி விளையாட்டின் உச்சத்திலும் 300 வாட்டைத் தாண்டாது என்பதால் அது தாராளம். மழைக்காலத்தில் மின்சாரம் போய்ப் போய் வரும் நம் ஊரில் யு.பி.எஸ். இல்லாமல் திரவக் குளிரூட்டி வாங்குவது எந்தக் கணக்கில் சேரும் என்று எனக்கு விளங்கவில்லை.

எஸ்.எம்.பி.எஸ். பற்றி ஒரு சொல். பட்டியலில் எல்லோரும் கடைசியாகப் பார்க்கும் பாகம் அது. கடைக்காரர் லாபத்தைச் சரிசெய்துகொள்ளும் இடமும் பெரும்பாலும் அதுதான். அட்டையில் 500 வாட் என்று எழுதியிருக்கும். அதில் பாதியைத் தொடர்ந்து கொடுத்தாலே மூச்சு வாங்கும். அது கெடும்போது தனியாகவும் போகாது. மதர்போர்டையும் கார்டையும் கூட்டிக்கொண்டு போகும். கடனில் ஜாமீன்தாரர் எப்படியோ கணினியில் எஸ்.எம்.பி.எஸ். அப்படி. எல்லாம் நன்றாக இருக்கும்வரை அவர் பெயரை யாரும் கேட்பதில்லை.

ரிச்சி தெருவில் இரண்டு இடங்களில் மகனின் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. ஒரு கடையில் பெட்டியில்லாத ‘ட்ரே’ செயலி ஆயிரம் ரூபாய் குறைவு. பெட்டியோடு வாங்கினால் நிறுவனத்தின் மூன்றாண்டு உத்தரவாதம். ட்ரே என்றால் பெரும்பாலும் விற்பவரின் ஓராண்டு வாக்குறுதி மட்டுமே. இன்னொரு கடையில் பழைய கிராபிக்ஸ் கார்டு பாதி விலைக்கு. 2022 செப்டம்பரில் எதீரியம் தன் முறையை மாற்றிக்கொண்டு கார்டுகளால் நாணயம் சுரங்குவதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. இரவு பகலாக ஓடிய கார்டுகள் அதன் பின் உலகெங்கும் பழைய சந்தைக்கு வந்தன. எல்லாமே கெட்டவை என்று சொல்ல முடியாது. ஆனால் முந்தைய உழைப்பின் பதிவேடு இல்லாத பொருளை வாங்குவது, கடன் வரலாறு இல்லாதவருக்குக் கடன் கொடுப்பதைப் போன்றது. ஜிஎஸ்டி இல்லாமல் வாங்கினால் 18 விழுக்காடு மிச்சம் என்று ஒருவர் மெல்லச் சொன்னார். வரிசை எண் எழுதிய ரசீது இல்லாத உத்தரவாதம் வெறும் காற்று. ரசீதோடுதான் வாங்கினோம்.

இவ்வளவு பேசிவிட்டு, வேகத்தை மாற்றும் அமைப்புகளையே தொடக்கூடாது என்று நான் சொன்னதாக எண்ண வேண்டாம். இரண்டைத் தொட்டோம். 3200 என்று அச்சிட்ட ரேமை வாங்கிப் பொருத்தினாலும், பயாஸில் எக்ஸ்எம்பி என்னும் அமைப்பை இயக்கும்வரை அது பெரும்பாலும் குறைந்த வேகத்திலேயே ஓடும். காசு கொடுத்து வாங்கிய வேகத்தைப் பயன்படுத்தாமலே பலர் ஆண்டுக்கணக்கில் இருக்கிறார்கள். அதை இயக்கினோம். அடுத்து, ஓவர்கிளாக்கிங்கின் நேர் எதிரான ஒன்று: அண்டர்வோல்ட். கிராபிக்ஸ் கார்டின் வேகத்தை அப்படியே வைத்துக்கொண்டு மின்னழுத்தத்தை மட்டும் சிறிது குறைப்பது. ஐந்து விழுக்காடு குறைத்தால் இருமடிக் கணக்கில் ஏறத்தாழ பத்து விழுக்காடு மின்திறன் மிச்சம். ஏஎம்டி தரும் மென்பொருளிலேயே அதற்கு வசதியுண்டு. இங்கேயும் விளிம்பைத்தான் எடுக்கிறோம். ஆனால் அதை வெப்பம் குறையவும் விசிறியின் இரைச்சல் அடங்கவும் செலவழிக்கிறோம். மிகையாகக் குறைத்தால் விளையாட்டு நின்றுபோகும். பழைய மதிப்புக்குத் திரும்பிவிட்டால் தீர்ந்தது. மகன் இதை மூன்று நாள் படிப்படியாகச் சோதித்துக் குறிப்பேட்டில் எழுதி வைத்தான். எதைச் சோதிக்கிறோம், எதோடு ஒப்பிடுகிறோம் என்று எழுதி வைக்கும் பழக்கம் அவனுக்கு அப்படித்தான் வந்தது. ஓவர்கிளாக்கிங்கில் அவன் தேடிய கல்வி இதிலும் கிடைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது. அவன் இதை முழுமையாக ஒப்புக்கொள்ளவில்லை.

பணம் சேர்த்து வாங்காமல் கடன் அட்டைத் தவணையில் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் கணக்கிட்டுப் பார்த்தோம். 60,000 ரூபாய், 16 விழுக்காடு வட்டி, 12 மாதம் என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 5,444. வட்டி மட்டும் 5,300 ரூபாய்க்கு மேல். வட்டியின் மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டியையும் சேர்த்தால் 6,280 அளவில் வரும். யு.பி.எஸ்.ஸின் விலை அப்படியே போயிருக்கும். ‘வட்டியில்லாத் தவணை’ என்ற விளம்பரங்களைப் பற்றிக் கேட்பீர்கள். பூச்சிய வட்டி என்று ஒன்று கிடையாது என்று 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. வட்டி, கழிவாக மறுக்கப்பட்ட விலையிலோ பரிசீலனைக் கட்டணத்திலோ எங்கோ ஒளிந்திருக்கும். ஒளிந்திருக்கும் இடத்தைக் கண்டுபிடித்த பின் கையொப்பமிடுங்கள். (பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தடை விதித்தது. நான் பேசுவது அவற்றைப் பற்றி அன்று.)

காத்திருந்தால் விலை இறங்கும் என்ற பொது விதிக்கும் விலக்குண்டு என்பதை அவ்வாண்டின் இறுதியில் கண்டோம். செயற்கை நுண்ணறிவு மையங்களின் தேவையால் நினைவகச் சில்லுகளின் விலை ஏறியது. நாங்கள் 3,500க்கு வாங்கிய ரேம் டிசம்பரில் இருமடங்கைத் தாண்டியிருந்தது. அது எங்கள் அறிவால் நேர்ந்த லாபமன்று. வைப்புக் கணக்கு முதிர்ந்த மாதம் அப்படி அமைந்தது. மற்றபடி, கணினியை முதலீடு என்று யாரும் எண்ண வேண்டாம். வருமான வரிக் கணக்கில் கணினிக்குத் தேய்மானம் ஆண்டுக்கு 40 விழுக்காடு. 60,000 முதல் ஆண்டின் இறுதியில் 36,000 ஆகும். அடுத்த ஆண்டு 21,600. மூன்றாம் ஆண்டு 12,960. பட்டம் வாங்குவதற்குள் ஏட்டில் அது பழைய மிதிவண்டியின் விலைக்கு வந்துவிடும்.

வாங்கிய மதர்போர்டின் ஏஎம்4 பொருத்து இடத்தில் இன்னும் வலுவான, எட்டுக் கோர்ச் செயலிகளும் அமரும் என்று மகன் படித்து வைத்திருக்கிறான். இரண்டு ஆண்டு கழித்துக் கணினி மெதுவாகத் தோன்றினால் வேகத்தைத் திருகாமல் செயலியையே மாற்றிக்கொள்ளலாம் என்பது அவன் யோசனை. அதற்காகத் தன் கைச்செலவிலிருந்து மாதம் 500 ரூபாய் வீதம் புதிய தொடர் வைப்பு ஒன்றைத் தொடங்கியிருக்கிறான். விண்ணப்பப் படிவத்தில் ‘நோக்கம்’ என்ற இடத்தில் ‘செயலி’ என்று எழுதியிருந்தான். கவுண்டரில் இருந்த சக ஊழியர் கைப்பேசிச் செயலி என்று நினைத்து, அதற்கு எதற்குப் பணம், இலவசமாகவே தரவிறக்கலாமே என்றார்.